கேரவனில் பழவேற்காடும் ஸ்ரீஹரிகோட்டாவும்: வடசென்னையிலிருந்து முதல்முறை கிளம்பும் குடும்பங்களுக்கு

குடும்பத்தோடு கேரவனில் போகலாம் என்று பேச்சு வந்தாலே சென்னையில் எல்லாருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் இருப்பவர்களுக்கு அது வீண் அலைச்சல். ஊரைக் குறுக்கே கடந்து திருவான்மியூர் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். அதே நேரம் வண்டியை வடக்கே திருப்பினால் பழவேற்காடு வந்துவிடும். அங்கிருந்து கொஞ்சம் போனால் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) இறங்கும் ஏரிச்சாலை, அதன் மறுமுனையில் ராக்கெட் ஏவும் தீவு. பிள்ளைகளுக்கு ஒரு வருஷப் பாடம் இந்த ஒரே பாதையில் கிடக்கிறது.

ஏரியைச் சுற்றியே இரண்டு நாளையும் அமையுங்கள் என்பதுதான் என் யோசனை. ராக்கெட் கிடைத்தால் கூடுதல் சந்தோஷம். போகிற வழியில் அருவி, கோயில், பூங்கா, கடற்கரை என்று எட்டு இடத்தைச் சேர்த்துக் கட்டாதீர்கள். கேரவன் எடுப்பதில் பெரிய லாபமே, பொழுது விடியும்போது பறவைகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாமும் இருக்கலாம் என்பதுதான். அந்த லாபத்தை ஓட்டமாய் ஓடித் தொலைக்க வேண்டாம்.

எப்போது போவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. அதற்கு முன்னால் வடகிழக்குப் பருவமழை. சாலையும் கெட்டிருக்கும், ஏரியில் தண்ணீரும் ஏறியிருக்கும். மழை நின்று தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகுதான் பூநாரைகளுக்குத் தோதான ஆழமில்லாத இடங்கள் கிடைக்கும். ஏப்ரல், மே விடுமுறையில் போனால் வெயிலைத்தான் பார்க்கலாம். பொங்கல் விடுமுறை நல்ல சமயம், ஆனால் கூட்டம் இருக்கும். முடிந்தால் அதற்கு அடுத்த சனி, ஞாயிறு போங்கள்.

வண்டி

மூன்று வழி இருக்கிறது. படுக்கை, கழிப்பறை எல்லாம் உள்ள கேரவனை டிரைவரோடு வாடகைக்கு எடுக்கலாம். டெம்போ டிராவலர் எடுத்து, பின் சீட்டில் கொஞ்சம் கழற்றித் தரச் சொல்லி மெத்தை போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் வீட்டில் இருக்கும் ஆம்னி, ஈகோ, இன்னோவா எதுவோ அதிலேயே கழற்றி மாட்டும் பலகைக் கட்டில் ஒன்றைச் செய்து வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர் வரை இருக்கிற குடும்பம் முதல்முறை போகிறது என்றால் மூன்றாவது வழியே போதும் என்பேன். தாத்தா, பாட்டி வருகிறார்கள் என்றால் மட்டும் கழிப்பறை உள்ள கேரவனுக்குச் செலவு செய்யுங்கள். அவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

சொந்த வண்டியில் மாற்றம் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். சீட்டை நிரந்தரமாக எடுப்பது, கூரையை உயர்த்துவது போன்றவற்றை ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது. தூக்கி வெளியே வைக்கக்கூடிய பலகை, பெட்டி, மெத்தை என்றால் அது வெறும் சாமான்.

வாடகை வண்டி என்றால் முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டிரைவரோடு வரும் வண்டி மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தாக இருக்க வேண்டும். நீங்களே ஓட்டுவதற்கு வாடகைக்குத் தரும் வண்டி கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தாக இருக்கும். தெரிந்தவர், வேண்டியவர் என்று யாராவது வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குத் தந்தால் வாங்காதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும். இந்தப் பயணம் ஆந்திரத்துக்குள் போகிறது என்பதை முதல் போனிலேயே ஓனரிடம் சொல்லிவிடுங்கள். பர்மிட் எடுத்தாகிவிட்டதா, அதற்கான பணம் வாடகையில் சேர்ந்ததா, டிரைவர் பேட்டா எவ்வளவு, ராத்திரி ஹால்டிங் தனியா, டோல்கேட் யார் கணக்கு என்பதையெல்லாம் வாட்ஸ்ஆப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்சி புக், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஜாக்கி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வண்டி ஓடும்போது யாரும் படுக்கையில் படுத்திருக்கக்கூடாது. பிள்ளைகள் தூங்கினாலும் சீட்டில் பெல்ட் போட்டபடிதான் தூங்க வேண்டும். திடீர் பிரேக்கில் படுத்திருக்கும் குழந்தை அப்படியே முன்னால் வந்து மோதும். இதில் பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள்.

உள்ளே என்ன வைப்பது

தண்ணி கேன் இரண்டு, அதில் ஒன்றுக்குக் குழாய் மாட்டியது. கை கழுவ, பாத்திரம் அலம்ப அது போதும். கொசுவலைத் துணியை ஜன்னல் அளவுக்கு வெட்டி வெல்க்ரோ தைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரைக் கொசுவிடம் தப்ப வேறு வழியில்லை. திரைத்துணி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். ராத்திரி லாரி வெளிச்சம் உள்ளே அடிக்காது. டார்ச், முதலுதவிப் பெட்டி, குப்பைக்குப் பெரிய பை, ஒரு பைனாகுலர். பிள்ளைகளுக்குக் கோடு போடாத நோட்டு ஒன்றும் பென்சிலும். கூடவே இரண்டு எவர்சில்வர் தட்டு. எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

சமையல் வேண்டாம். முதல் பயணத்தில் வேண்டவே வேண்டாம். புளிசாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, வேகவைத்த முட்டை, வாழைப்பழம் இவை முதல் நாள் மதியம் வரை தாங்கும். வெந்நீர் ஃபிளாஸ்க் இருந்தால் பால் பவுடர், டீத்தூள் போதும். அப்புறம் ஓட்டல் இருக்கிறது. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிவது தீ மட்டுமே சம்பந்தப்பட்ட ஆபத்து இல்லை. காற்று போதாமல் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது.

ராத்திரி ஏசிக்காக இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்குவதும் அதே வகைதான். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. ஜனவரி ராத்திரியில் ஏரிக் காற்றுக்கு ஏசியே தேவைப்படாது. இரண்டு பக்க ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவைத்து, கொசுவலையைப் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டுத் தூங்குங்கள். கொசுவர்த்திச் சுருளையும் உள்ளே கொளுத்தாதீர்கள்.

கிளம்பும் நேரம், வழி

சனிக்கிழமை காலை 5 மணிக்குள் தெருவை விட்டு வண்டி வெளியேறிவிட வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலை வழியாக மீஞ்சூர், பொன்னேரி என்று போவது தூரத்தில் குறைவுதான். ஆனால் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பெரிய வண்டியைப் பழக்கமில்லாதவர் ஓட்டுவது கஷ்டம். மாதவரம், செங்குன்றம் வழியாக ஜிஎன்டி ரோட்டை (கொல்கத்தா நெடுஞ்சாலை) பிடித்து, தச்சூர் கூட்டுரோட்டில் வலப்பக்கம் திரும்பிப் பொன்னேரி போய்ப் பழவேற்காடு சேருங்கள். சுற்றுதான், ஆனால் நிம்மதி. உயரமான வண்டி என்றால் வியாசர்பாடி, வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ரயில்வே சுரங்கப்பாதைகளைத் தவிர்த்து மேம்பாலமாகப் பார்த்துப் போங்கள். முந்தின நாளே ஃபாஸ்டேக்கில் பணம் போட்டு, டயருக்குக் காத்து பிடித்து, டீசல் நிரப்பிவிடுங்கள்.

கிளம்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லிவிடுங்கள். அது இரண்டு நாளும் கூடவே வரும். பேசின் பிரிட்ஜ் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறோமே, பக்கிங்காம் கால்வாய், அது எண்ணூர் தாண்டி நேரே பழவேற்காடு ஏரிக்குள் போய், அதையும் தாண்டி ஆந்திரத்துக்குள் போகிறது. 1806-இல் எண்ணூர் வரை ஒரு சின்னக் கால்வாயாகத்தான் இது ஆரம்பித்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலி வேலையாக ஆயிரக்கணக்கான மக்கள் வெட்டிய பகுதிதான் ஊருக்குள் வடக்கு, தெற்கு என்று பிரிந்து கிடந்த இரண்டு துண்டுகளையும் இணைத்தது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது. வெட்டியவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகில் சென்னைக்கு வந்தன. விறகு வந்த இடங்களில் முக்கியமானது ஸ்ரீஹரிகோட்டா தீவு. இன்று ராக்கெட் கிளம்பும் அதே தீவிலிருந்துதான் நம் கொள்ளுப்பாட்டிகளின் அடுப்புக்கு விறகு வந்திருக்கிறது.

பழவேற்காட்டில் ஒரு முற்பகல்

ஏழு மணி வாக்கில் ஊருக்குள் போய்விடலாம். மீன் ஏலம் நடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். ஊருக்கு வெளியே அகலமான இடத்தில் போட்டுவிட்டு நடந்து போங்கள். ஏலம் பார்க்க வேண்டிய ஒன்று. கூடையைக் கவிழ்த்ததும் இறால், நண்டு, மடவை என்று ஒவ்வொன்றும் பிரிந்துபோகும் வேகத்தைப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். வேலை செய்பவர்களுக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். கேட்காமல் யாரையும் போட்டோ எடுக்க வேண்டாம்.

பழவேற்காடு உவர்நீர் ஏரி. நம் நாட்டில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி பெரிய உவர்நீர்க் காயல் இதுதான். பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ஆற்று நீர் ஒரு பக்கம், முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் மறுபக்கம். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் இறாலும் மீனும் உள்ளே வரும் வழி அடைபடும், மீனவர் பிழைப்பும் அடைபடும். இதைப் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம். ஒரு எவர்சில்வர் தட்டில் ஏரித் தண்ணீர் இரண்டு கரண்டி, இன்னொன்றில் கேன் தண்ணீர் இரண்டு கரண்டி ஊற்றி வண்டி முன்னால் வெயிலில் வையுங்கள். மதியம் பார்த்தால் ஏரித் தட்டில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். விரலால் வழித்து நோட்டில் ஒட்டிக்கொண்ட பிள்ளை உவர்நீர் என்றால் என்ன என்பதை மறக்காது.

படகில் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் குழந்தைகளும் உண்டு. முகத்துவாரத்தில் நீரோட்டம் எப்படி இழுக்கும் என்பது மீனவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. கரையிலிருந்தே நிறையப் பார்க்கலாம்.

அப்புறம் டச்சுக்காரர்கள் கல்லறை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. துணி வியாபாரத்துக்கு வந்த டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். நம் புனித ஜார்ஜ் கோட்டை எழும்புவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே. கோட்டை இன்று புதரும் மேடுமாகத்தான் கிடக்கிறது. கல்லறை வாசலின் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள், தொட்டுப் பார்க்கத்தான் ஓடுவார்கள். தொடாமல் வரையச் சொல்லுங்கள். அதில் மணற்கடிகாரம் எங்கே என்று தேடச் சொல்லுங்கள். கல்வெட்டுகளில் ஆண்டுகளைப் படித்து எந்தக் கல்லறை ரொம்பப் பழையது என்று கண்டுபிடிப்பது அரை மணி நேர வேலை. பெரியவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

பனை ஓலையில் கூடை, பெட்டி முடையும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். வாங்கினால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

ராத்திரி தங்குவது

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொன்னேரி வழியாகத் திரும்பி ஜிஎன்டி ரோட்டைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், தடா தாண்டி ஆந்திரத்தில் இருக்கும் சூளூர்ப்பேட்டை. ஏரிக்கரையிலோ பறவைகள் சரணாலயத்துக்குள்ளோ வண்டியைப் போட்டுத் தூங்க நினைக்காதீர்கள். அது சட்டப்படியும் தப்பு, பறவைகளுக்கும் தொல்லை. சூளூர்ப்பேட்டையில் ஒரு லாட்ஜில் ஒரே ஒரு ரூம் எடுத்து, அதன் வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொள்வதுதான் முதல்முறைக்கு நல்லது. குளியல், கழிப்பறை, சார்ஜ் எல்லாம் முடிந்துவிடும், தூங்குவது மட்டும் வண்டியில். ரூம் கிடைக்காவிட்டால் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் பங்க்.

அங்கே பேச்சு எளிதாக இருக்கும். எல்லைப் பக்கத்தில் தமிழ் புரியும். "அண்ணே, ஃபேமிலியோட வந்திருக்கோம், காலையில நாலரைக்கு எடுத்துடுவோம், ஓரமா நிறுத்திக்கலாமா?" என்று கேட்டு, அங்கேயே டீசல் போட்டால் யாரும் மறுப்பது அபூர்வம். வெளிச்சம் விழும் இடமாகப் பாருங்கள். லாரி ரிவர்ஸ் எடுக்கும் பாதையை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

ஏரிச்சாலையும் ராக்கெட்டும்

ஞாயிறு காலை விடியும் முன்பே எழுந்திருங்கள். சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியின் நடுவே போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். வண்டியைச் சாலையின் நடுவில் நிறுத்தாமல் ஓரம் அகலமான இடத்தில் நிறுத்தி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நில்லுங்கள். பிரகாசமான சட்டை வேண்டாம், பாட்டு வேண்டாம், டிரோன் கட்டாயம் வேண்டாம். பறவைகளை நோக்கி நடந்து போகாதீர்கள். அவை மேயும் நேரத்தில் ஒருமுறை கலைத்துவிட்டால் அவ்வளவு உணவு வீண்.

பூநாரையை பைனாகுலரில் பிடித்ததும் அதன் தலையைப் பாருங்கள். அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் உட்புற ஓரத்தில் இருக்கும் சீப்பு போன்ற தகடுகளில் சின்னப் பூச்சியும் பாசியும் தங்கிவிடும். அந்த உணவில் உள்ள கரோட்டினாய்டு நிறமிதான் இறகை இளஞ்சிவப்பாக்குகிறது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சில நிற்கும்; அவை குஞ்சாக இருந்து வளர்ந்துகொண்டிருப்பவை, நிறம் ஏற இன்னும் வருஷங்கள் ஆகும். பிள்ளைகளை இருபது நிமிஷம் ஒரே பறவையைப் பார்க்க விடுங்கள். கரண்டிவாயன், கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை என்று பெயர்ப் பட்டியல் எழுத வைத்துப் பரீட்சை ஆக்கிவிடாதீர்கள். கூழைக்கடா கூட்டில் குஞ்சு பொரிப்பதைப் பார்க்க ஆசை இருந்தால் வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் நேலபட்டு சரணாலயம் இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வரலாம்.

ராக்கெட் விஷயம் இப்படி. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் சதீஷ் தவான் விண்வெளி மையத்தில் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க அரங்கம் இருக்கிறது. ஒவ்வொரு ஏவுதலுக்கும் சில நாள் முன்பு இஸ்ரோ இணையதளத்தில் பதிவு திறக்கும். கட்டணம் இல்லை, சீக்கிரம் நிரம்பிவிடும். பதிவு செய்த எல்லாருக்கும் அசல் அடையாள அட்டை வேண்டும். ஏவுதல் இல்லாத நாளில் சும்மா போய் வாசலில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். இடம் கிடைக்காவிட்டால் ஏரிச்சாலையில் போலீஸ் அனுமதிக்கும் இடத்திலிருந்தோ பழவேற்காட்டுக் கரையிலிருந்தோ பார்க்கலாம். ஏவுதல் தள்ளிப்போவதும் சகஜம். 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருக்கும்போது நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்து 22-ஆம் தேதிதான் போனது. அதனால்தான் ஏரியை நம்பிப் போங்கள் என்கிறேன்.

பார்க்கக் கிடைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ராக்கெட்டின் நெருப்பு கண்ணில் பட்ட நொடியிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். இடிபோல் சத்தம் காதுக்கு வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். எண்ணிய விநாடியை 3-ஆல் வகுத்தால் ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்பது கிடைத்துவிடும். மேப்பில் சரிபார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

ஏன் இந்தத் தீவு என்று கேட்பார்கள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் இடத்தில் அந்த வேகம் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர். கிழக்கு நோக்கி ஏவினால் அந்த வேகம் இனாமாகக் கிடைக்கிறது. கிழக்கே கடல் என்பதால் கழன்று விழும் பாகங்கள் யார் தலையிலும் விழாது. தெற்கு நோக்கிப் போக வேண்டிய பிஎஸ்எல்வி ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருக்கிறது, எரிபொருள் வீணாகிறது. இந்தச் சுற்று இல்லாமல் சின்ன ராக்கெட்டுகளை ஏவத்தான் தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினத்தில் இன்னொரு ஏவுதளம் கட்டுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979-இல் கிளம்பிய முதல் எஸ்எல்வி-3 ராக்கெட் தோற்றது, அடுத்த வருஷம் ஜூலை 18-இல் ஜெயித்தது, இரண்டுக்கும் திட்ட இயக்குநர் அப்துல் கலாம் என்பதையும் சொல்லுங்கள். 2025 ஜனவரி 29-இல் இந்தத் தளத்தின் நூறாவது ஏவுதல் நடந்தது.

ஏவுதல் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. அன்றைய வருமானம் அவர்களுக்குப் போச்சு. கைதட்டும் பிள்ளைகளுக்கு இதுவும் தெரிந்திருக்கட்டும்.

திரும்பும்போது

ஞாயிறு மதியம் 2 மணிக்குள் சூளூர்ப்பேட்டையை விட்டுக் கிளம்பினால் செங்குன்றம் நெரிசலுக்கு முன்னால் வீடு வந்துவிடலாம். வழியில் வண்டி நின்றுவிட்டால் தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. ஆம்புலன்ஸுக்கு 108, இரண்டு மாநிலத்திலும் அதே எண்தான்.

வந்த அன்றோ மறுநாளோ வாட்டர் வாஷ் கொடுத்துவிடுங்கள், அடிப்பாகத்தையும் சேர்த்து. ஏரிச்சாலை உப்புக் காற்றும் சேறும் சேஸிஸில் ஒட்டிக்கொண்டால் துரு பிடிக்கும். வாடகை வண்டி என்றால் கிலோமீட்டர் காட்டும் மீட்டரை ஓனர் முன்னாலேயே போட்டோ எடுத்து, கணக்கு முடித்த பிறகு சாவியைக் கொடுங்கள்.